மரை கழன்ற துளை

போல்ட்டு நன்றாக இறுகிக்கொண்டு வந்தது. இன்னும் கால் சுற்று போதும் என்று ஆலன் கீயை அழுத்தினேன். கைக்கு எதிராக முறைத்துக்கொண்டிருந்த உலோகம் சட்டென்று இளகிவிட்டது. கீ எந்தத் தடையுமில்லாமல் அரைச் சுற்று போனது. இன்னும் ஒரு அரைச் சுற்றும் போனது. வெளியே உருவிப் பார்த்தேன். போல்ட்டின் மரைகளுக்கு நடுவே வெள்ளிக் கம்பிபோல ஒரு சுருள் சுற்றிக்கிடந்தது. அது என் சைக்கிள் ஃபிரேமிலிருந்து உரிந்து வந்த அலுமினியம்.

புத்தி தடம் மாறியவரை "மரை கழண்ட கேஸ்" என்கிறோம். எழுதும்போது சிலர் 'மறை' என்று எழுதிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போய் நின்றால் சந்தேகம் தீர்ந்துவிடும், மரைதான். இந்த வசையை முதலில் சொன்னவர் பட்டறை வேலை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். மரை கழன்ற போல்ட்டுக்குத் தலை இருக்கும், உடம்பு இருக்கும், இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தும் இருக்கும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. திருப்பினால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், எதையும் பிடிக்காது.

என் சைக்கிளில் பிடிக்காமல் போனது பின்சக்கர டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரை, அதாவது பிரேக் கட்டைகள் உட்காரும் பாகத்தை, ஃபிரேமோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலே இருப்பது. எம்6 வகை: விட்டம் 6 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மி.மீ. ஒரு டீயின் விலைகூடப் பெறாத போல்ட்டு. அது போய் உட்காரும் துளையோ ஃபிரேமின் உடம்பிலேயே இருக்கிறது. அந்தத் துளை கெட்டால் கணக்குப்படி ஃபிரேமே கெட்டுப்போகிறது.

எல்லா சைக்கிளிலும் இந்தத் தலைவலி வராது. கேலிப்பரை மாட்ட மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய 'இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு' முறையில் ஃபிரேமில் 51 மி.மீ. இடைவெளியில் இரண்டு வெறும் துளைகள் மட்டும்தான், மரை கிடையாது. மரை இருப்பது நடுவில் மாட்டும் அடாப்டரில். கெட்டால் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம். ஷிமானோ நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த 'ஃபிளாட் மவுண்ட்' முறையில் பின்பக்க போல்ட்டுகள் செயின் ஸ்டே எனும் கீழ்ப் பின்குழாயின் அடியிலிருந்து ஏறி வந்து கேலிப்பரில் இருக்கும் மரையைப் பிடிக்கும். அங்கேயும் ஃபிரேமுக்கு ஆபத்தில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது 'போஸ்ட் மவுண்ட்'. ஃபிரேமிலேயே 74 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிறு தூண்கள், அவற்றின் தலையில் துளை, துளைக்குள் மரை. கேலிப்பரை இடவலமாக நகர்த்தி டிஸ்க்குக்கு நேராக வைக்க இதைவிட வசதியான முறை இல்லை. ஆனால் மொத்த சைக்கிளிலும் மாற்ற முடியாத பாகத்தில், இருப்பதிலேயே மென்மையான உலோகத்தில், அடிக்கடி கழற்றி மாட்டும் மரையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். என் சைக்கிள் இந்தச் சாதி.

மரை என்பது என்ன? கொல்லிமலைக்குப் போனவர்கள் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை மறக்க மாட்டார்கள். செங்குத்தாக ஏற முடியாத உயரத்தைச் சுற்றி வளைத்து, சரிவைக் குறைத்து ஏற வைக்கிறது அந்தச் சாலை. ஒரு தூணைச் சுற்றி அப்படியொரு மலைப்பாதை போட்டால் அதுதான் மரை. எம்6 போல்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்குப் பாதையின் நீளம் ஏறக்குறைய 17 மி.மீ.; ஏறும் உயரம் 1 மி.மீ. சரிவு மூன்றரை டிகிரிகூட இல்லை. இவ்வளவு குறைந்த சரிவுள்ள சாலையில் கைப்பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், டயருக்கும் தாருக்கும் உள்ள உராய்வே அதைப் பிடித்து நிறுத்திவிடும். இறுக்கிய போல்ட்டு தானாகக் கழன்று இறங்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். சரிவு உராய்வைவிடச் சின்னது.

இதுவரை பள்ளிக்கூட இயற்பியல். பலரும் தவறவிடும் விஷயம் இதற்கு அடுத்தது. போல்ட்டின் தலை கேலிப்பரில் போய் முட்டிய பிறகும் நாம் திருப்புகிறோமே, அந்தக் கடைசிச் சுற்றில் என்ன நடக்கிறது? முன்னே போக இடமில்லை. மரையோ இழுத்துக்கொண்டே இருக்கிறது. போல்ட்டு நீள்கிறது. இரும்பு நீளுமா என்று கேட்கலாம். ரப்பர் பட்டையைப் போலத்தான் நீளும், அளவில் மட்டும் வேறுபாடு. நான் இறுக்கிய போல்ட்டு ஒழுங்காக இறுகியிருந்தால் 0.03 மி.மீ. நீண்டிருக்கும், தலைமுடியின் பருமனில் பாதி. அந்த நீட்சி சுருங்கப் பார்க்கிறது, சுருங்க விடாமல் மரை பிடித்துக்கொண்டிருக்கிறது. கேலிப்பர் ஃபிரேமோடு நசுங்கி ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இழுபறியால்தான். ஆகவே போல்ட்டை ஆணியாக நினைக்கக் கூடாது. அது ஒரு ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கின் இழுப்பு எவ்வளவு? இந்த இடத்தில் ஷிமானோ சொல்லும் முறுக்குவிசை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி போல்ட்டுத் தலையின் அடியில் உராய்வாகவே தீர்ந்துபோகிறது. இன்னும் ஒரு நாற்பது சதவீதத்தை மரைகளின் உராய்வு தின்றுவிடுகிறது. மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டு ஒன்றுக்கு 510 முதல் 680 கிலோ வரை இழுப்பைத் தருகிறது. ஒரு பசுமாட்டின் எடைக்குக் குறையாது.

எதற்கு இவ்வளவு? சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் பிரேக்கை மட்டும் நன்றாகப் பிடித்தால் தரை டயரைப் பின்னுக்கு இழுக்கும் விசை 23 கிலோ அளவுக்கு வரும். அதற்கு மேல் பிடித்தால் பின்சக்கரம் வழுக்கிவிடும். தரை பிடிப்பது மையத்திலிருந்து 34 செ.மீ. தூரத்தில், பிரேக் கட்டை டிஸ்க்கைப் பிடிப்பதோ 7 செ.மீ. தூரத்தில். நெம்புகோல் கணக்குப்படி கேலிப்பரின் மேல் விழும் இழுப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகி 112 கிலோவைத் தொடுகிறது. இந்த இழுப்பின் பெரும்பகுதி கேலிப்பரைத் தூணின் முகத்தில் வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கும். அதைத் தடுப்பது இரண்டு முகங்களும் அழுந்துவதால் உண்டாகும் உராய்வு. இரண்டு போல்ட்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோவுக்கு அழுத்தினால் 150 கிலோவுக்கு மேல் வழுக்காமல் தாங்கும். ஒரு போல்ட்டு கைவிட்டால் அது பாதியாகும். அப்போது 112 கிலோவுக்குப் போதாது. ஒற்றை போல்ட்டைச் சுற்றிக் கேலிப்பர் திரும்பவும் பார்க்கும். மரை கழன்ற துளையில் போல்ட்டைச் சும்மா செருகி வைத்துக்கொண்டு "மெதுவாகப் போனால் பரவாயில்லை" என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி என் முட்டாள்தனத்தின் கணக்கு.

பழைய போல்ட்டு எங்கோ உருண்டு தொலைந்துபோனது. ஹார்டுவேர் கடையில் அதே பருமனில் ஒன்று கிடைத்தது. நீளம் கொஞ்சம் குறைவு. பருமன் சரியாக இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். அடியில் இரண்டு வாஷர் வேறு போட்டேன். துளைக்குள் போய்ப் பிடித்தது நான்கே மரை. போல்ட்டின் நுனி சீவப்பட்டிருக்கும் என்பதால் உண்மையில் மூன்று.

ஃபிரேமின் அலுமினியம் 6061-டி6 வகை. அதை வெட்டுவிசையால் அறுக்க ஒரு சதுர மி.மீட்டருக்கு 21 கிலோ அளவுக்கு விசை வேண்டும். மூன்று மரை பிடித்திருக்கும் இடத்தின் பரப்பு 45 சதுர மி.மீ. பெருக்கினால் சுமார் 950 கிலோ. அதாவது போல்ட்டின் இழுப்பு 950 கிலோவை எட்டினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். ஆலன் கீயின் நீளமான கை 8 செ.மீ.; அதன் நுனியில் 15 கிலோ அழுத்தம் கொடுப்பது எந்த ஆளுக்கும் பெரிய காரியமில்லை. அப்படிக் கொடுத்தால் முறுக்குவிசை 12 நியூட்டன் மீட்டர், போல்ட்டின் இழுப்பு 1,000 கிலோவைத் தாண்டும். போதாக்குறைக்கு நான் மரையில் கிரீஸ் தடவியிருந்தேன். கிரீஸ் போட்டால் உராய்வு தின்னும் பங்கு குறைந்து, அதே முறுக்குக்கு இழுப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தடவுவது தப்பில்லை, துருவைத் தடுக்கும். தடவிவிட்டுப் பழைய கைப்பழக்கத்தில் இறுக்குவதுதான் தப்பு.

அந்த போல்ட்டு அறுந்துபோக வேண்டுமானால் 1,600 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். ஆகவே மூன்றே மரை பிடித்த இந்தச் சண்டையில் தோற்பது அலுமினியம்தான். இன்னும் உறுதியான போல்ட்டு வாங்கிப் போடுகிறேன் என்பது, மாமியாரும் மருமகளும் சண்டையிடும் வீட்டில் மாமியாருக்கு மட்டும் பலத்துக்கு லேகியம் கொடுப்பது மாதிரி.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மரைகள் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. போல்ட்டு நீள்கிறது, துளையைச் சுற்றியுள்ள உலோகம் வேறு விதமாக நெளிகிறது, இரண்டின் இடைவெளிகளும் மிக நுட்பமான அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன. அதனால் துளையின் வாயருகே உள்ள முதல் மரையே மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அடுத்தது அதைவிடக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. முதல் மரை வளைந்து விட்டுக்கொடுத்தால் சுமை அடுத்ததற்கு மாறும், அதுவும் விட்டுக்கொடுக்கும். கையில் அந்த இளக்கம் 'சட்டென்று' தெரிந்ததற்கு இதுதான் காரணம். அலுமினியத்தில் போல்ட்டு குறைந்தபட்சம் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது பிடிக்க வேண்டும் என்பது பட்டறை விதி. எம்6-க்கு 9 மி.மீ., ஒன்பது மரை. நான் கொடுத்தது மூன்று.

அத்தோடு நிறுத்தியிருந்தால் துளையின் அடியில் நல்ல மரை மிச்சமிருந்தது. கொஞ்சம் நீளமான போல்ட்டு போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். உண்மையில் மரை போன துளைக்கு முதல் வைத்தியம் அதுதான். ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, அடிமரை எத்தனை மிச்சம் என்று பார்த்து, அதற்கேற்ற போல்ட்டு போட வேண்டும். நானும் நீளமான போல்ட்டுதான் வாங்கினேன். ஈர்க்குச்சி விட்டு அளக்கவில்லை. துளை மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளை, ஆழம் 12 மி.மீ. என் போல்ட்டு அதைவிட நீளம். நுனி அடியில் முட்டியது. கைக்கு நன்றாக இறுகியதுபோல இருந்தது, கேலிப்பரோ ஆடியது. எனக்கு வந்த கோபத்தில் இன்னும் திருப்பினேன். போல்ட்டு அடித்தரையை உதைத்துக்கொண்டு தன்னைத்தானே மேலே தள்ளி, மிச்சமிருந்த மரைகளையும் உரித்துப் போட்டுவிட்டது.

கோவை கணபதிப் பக்கம் தெருவுக்கு நாலு லேத் பட்டறை இருக்கும். பம்பு, மோட்டார், ஜவுளி எந்திரம் என்று அந்த ஊரின் வயிற்றுப்பாடே இரும்பைக் கடைவதில்தான் ஓடுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதை டைட் பண்ணுனீங்களா, சண்டை போட்டீங்களா?"

"ரெண்டும்தாங்ணா."

"கீழ ஓட்டை நல்லாருக்குதுங்களா?" அவரே ஒரு போல்ட்டை விட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்பக் கவலையில்ல. அதைப் புடிச்சுக்கிட்டு இதைச் சரி பண்ணிப்போடலாம்."

நான் வீட்டிலிருந்தே பல யோசனைகளோடு போயிருந்தேன். துளையை 8 மி.மீ. ஆக்கிப் பெரிய போல்ட்டு போட்டால் என்ன? கேலிப்பரின் துளைக்குள் 8 மி.மீ. போல்ட்டு நுழையாது என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. எபாக்ஸி பசை போட்டு நிரப்பி அதில் மரை எடுத்தால்? குழாய்க் கசிவை அடைக்கிற சரக்கு அது. அறுபடாமல் தாங்கும் சக்தியில் அலுமினியத்தின் பக்கத்தில் வைத்தால் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்து, புதிதாகத் துளை போடலாமே? அவர் தலையை ஆட்டினார். "அடைச்சுப்போடலாம். அப்புறம் அது பழைய அலுமினியமா இருக்காதுங்க."

அவர் ஒரே வரியில் சொன்னதற்குப் பின்னால் ஒரு பாடமே இருக்கிறது. 6061-டி6 என்பதில் அந்த 'டி6' உலோகத்துக்குக் கொடுத்த வெப்பச் சிகிச்சையின் பெயர். அலுமினியத்தில் மெக்னீசியமும் சிலிக்கானும் சிறிதளவு கலந்திருக்கும். 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அவை சர்க்கரைபோல அலுமினியத்தில் கரைந்துவிடும். உடனே தண்ணீரில் அமுக்கிக் குளிர்வித்தால் கரைந்தபடியே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு 170 டிகிரி அளவில் பல மணி நேரம் அடுப்பில் வைத்தால் அவை மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து உலோகமெங்கும் பரவி நிற்கும். அலுமினியத்தின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இந்தத் துகள்கள் ஆங்காங்கே முட்டுக்கொடுக்கின்றன. மென்மையான அலுமினியம் ஃபிரேம் ஆகிற அளவுக்கு உறுதி பெறுவது இப்படித்தான். வெல்டிங்கின் சூடு இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடும். துகள்கள் கரையும், அல்லது பருத்து ஒன்றுசேர்ந்து பயனற்றுப்போகும். வெல்டிங்கை ஒட்டிய பகுதியின் உறுதி பாதி அளவுக்கு இறங்கிவிடும். மறுபடி டி6 ஆக்க மொத்த ஃபிரேமையும் உலையில் வைக்க வேண்டும். பெயின்ட்டையும் மறந்துவிட வேண்டியதுதான்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை நெருக்கிச் சுற்றியதுபோலச் சில சுருள்கள். ஹெலிகாயில் என்பது ஒரு வணிகப் பெயர். ஜெராக்ஸ் என்று எல்லா நகலையும் சொல்வதுபோல எந்தச் சுருளானாலும் பட்டறையில் ஹெலிகாயில்தான். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, குறுக்கே வெட்டினால் வைர வடிவம். சுருளாகச் சுற்றும்போது கம்பியின் உள்முனை ஒரு மரையாகவும் வெளிமுனை இன்னொரு மரையாகவும் ஆகிவிடுகிறது. வெளிப்பக்கம் ஃபிரேமைப் பிடிக்கும், உள்பக்கம் போல்ட்டைப் பிடிக்கும். உள்ளே பழைய எம்6 அளவே இருக்கும்.

எங்கோ ஒரு நாட்டில் செய்த ஃபிரேமுக்குக் கணபதியில் ஒரு இழுப்பறைக்குள் பொருத்தமான மரை காத்திருக்கிறது. இது தானாக நடந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதிவரை ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்குத் தோன்றிய மரையைப் போட்டது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் 55 டிகிரிக் கோணத்தோடு ஒரு பொது அளவை முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரிதான் செய்வதற்கும் சரிபார்ப்பதற்கும் சுலபம் என்று வாதாடினார். 1898-இல் சூரிச் நகரில் கூடிய மாநாடு அந்த 60 டிகிரியை மெட்ரிக் அளவுகளோடு சேர்த்தது. எம்6 அந்த வம்சம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் கண்டது. ஊர் எரிகிறது என்று வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்தன. அவர்கள் குழாயின் மரை பால்டிமோரின் தண்ணீர்க் குழாயில் ஏறவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின.

பட்டறைக்குத் திரும்புவோம். சக்கரத்தையும் கேலிப்பரையும் முதலிலேயே கழற்றி, பிரேக் கட்டைகளைத் தனியாக ஒரு டப்பாவில் போடச் சொன்னார். எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டு அதில் பட்டால் பிரேக் பிடிக்காது, கத்த மட்டும் செய்யும்.

துளையை நேராகப் பெரிதாக்குவதில்தான் வித்தை இருக்கிறது. ஃபிரேமைத் துளைபோடும் எந்திரத்தில் கிடத்த முடியாது, கைத் துரப்பணம் கட்டாயம் சாயும். ஒரு டிகிரி சாய்ந்தால் போல்ட்டுத் தலை ஒரு ஓரமாக உட்காரும். அவர் 20 மி.மீ. கனமுள்ள ஒரு இரும்புப் பட்டையை எடுத்து, சரியாக 74 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டார். ஒன்று 6 மி.மீ., மற்றது 6.3 மி.மீ. பட்டையைத் தூண்களின் தலையில் வைத்து, முதல் துளை வழியாகக் கீழே உள்ள நல்ல மரையில் போல்ட்டைப் பூட்டினார். இப்போது இரண்டாவது துளை கெட்ட துளைக்கு நேர்மேலே, செங்குத்தாக நின்றது. துரப்பணம் அதற்குள் இறங்கினால் சாய வழியே இல்லை. அந்த மதியம் முழுவதிலும் நான் கண்ட அழகான காட்சி அதுதான். கெட்டதைச் சரிசெய்ய நல்லதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்.

துரப்பணத்தின் மேல் 12 மி.மீ. ஆழத்துக்கு அடையாளமாக இன்சுலேஷன் டேப் சுற்றினார். மரை போடும் கருவிக்கும் நம்மூரில் டேப் என்றுதான் பெயர். "டேப்பை எடு" என்று அவர் சொன்னபோது உதவிப் பையன் எந்தக் குழப்பமுமில்லாமல் சரியான டேப்பை எடுத்துக் கொடுத்தான், நான்தான் விழித்தேன். பழைய துளையின் 6 மி.மீட்டரை 6.3 ஆக்குவதென்றால் சுற்றிலும் 0.15 மி.மீ. மட்டுமே போகிறது. தூணின் விட்டம் 13 மி.மீ. இருந்ததால் சுவர் கனத்துக்குக் கவலையில்லை.

அடுத்து சுருளுக்கென்றே உள்ள தனி டேப். பெயருக்கு எம்6, வெளிவிட்டமோ 7.3 மி.மீ. குருட்டுத் துளை என்பதால் முதலில் நுனி கூம்பிய டேப், பிறகு அடிவரை வெட்டும் மொட்டை டேப். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. அலுமினியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெட்டும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, அந்த ஒட்டலே மரையைக் கிழிக்கும். மண்ணெண்ணெய் அதை ஒட்ட விடாது. பின்னால் திருப்புவது சீவலை முறித்துவிடும். பாதியில் ஒருமுறை டேப்பை வெளியே எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சீவலை ஊதித் தள்ளினார்.

பிறகு சுருள். நீளம் 9 மி.மீ., விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. சும்மா இருக்கும்போது அதன் விட்டம் துளையைவிடப் பெரிது. சுருளின் அடியில் குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும். கருவி அந்த வாலைப் பிடித்துத் திருப்பும்போது சுருள் இறுகிச் சிறுத்து உள்ளே இறங்கும். கையை எடுத்தால் விரியப் பார்த்து சுவரை அழுத்திக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். வாயிலிருந்து அரைச் சுற்று உள்ளே போனதும் நிறுத்தினார். மேலே துருத்திக்கொண்டிருந்தால் கேலிப்பர் சுருளின் மேல் உட்காரும், தூணின் மேல் உட்காராது. பிறகு ஒரு குச்சியை விட்டு ஒரே தட்டு; வால் முறிந்தது. ஊசிமூக்கு இடுக்கியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இதை எடுக்காமல் விட்டால் குருட்டுத் துளையின் அடியில் கிடந்து போல்ட்டை முட்டும்.

இந்தத் துளை முன்பு இருந்ததைவிட உறுதியானது. அலுமினியத்தை இப்போது பிடித்திருப்பது 6 மி.மீ. விட்டமில்லை, 7.3 மி.மீ.; அறுபட வேண்டிய பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. போல்ட்டு கழற்றி மாட்டும்போது உரசுவது எஃகின் மேல், அலுமினியத்தின் மேல் இல்லை. எனக்கு மிகப் பிடித்த காரணம் மூன்றாவது. சுருள் ஒரு ஸ்பிரிங் அல்லவா? அதன் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நெளிந்து இடம் மாறிக்கொள்ளும். முதல் மரையே மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும் அநியாயம் குறைந்து, சுமை கீழே உள்ள சுற்றுகளுக்கும் பரவுகிறது. மரையே போகாத புது எந்திரங்களில்கூட, அலுமினிய உடம்பில் இந்தச் சுருளைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புகிறார்கள். வைத்தியமாகப் பார்க்காமல் தடுப்பூசியாகப் பார்க்கிறார்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தூணில் விரிசல் தெரிந்தால் இந்த வேலையெல்லாம் வீண்; ஃபிரேமை ஓரங்கட்டுவதுதான் நியாயம். கார்பன் ஃபிரேம் என்றால் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். அங்கே மரை இருப்பது கார்பனுக்குள் பசை வைத்து ஒட்டிய உலோகத் துண்டில்; துரப்பணத்தின் சூடும் அதிர்வும் அந்த ஒட்டைப் பிரித்துவிடக் கூடும். தயாரித்தவர்களிடம் கேட்பதுதான் வழி. கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் மின்கலம்போல வேலைசெய்து அலுமினியத்தை அரிக்கும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து மாட்டுவது நல்லது.

வீட்டுக்கு வந்து, இம்முறை சரியான நீளத்தில் வாங்கிய போல்ட்டைக் கையால் மட்டும் உள்ளே விட்டேன். பட்டறைக்காரர் சொல்லிக்கொடுத்த தந்திரம் ஒன்று உண்டு: முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் 'க்ளிக்' என்று போல்ட்டு ஒரு நூல் இறங்கும். இரண்டு மரைகளின் தொடக்கமும் சந்திக்கும் இடம் அது. அங்கிருந்து இறுக்கினால் மரை ஒருநாளும் குறுக்கே ஏறாது. நண்பரிடம் முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சு இரவல் வாங்கி 7 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன். வீட்டிலிருந்த நகப்பூச்சால் போல்ட்டுத் தலையிலிருந்து கேலிப்பர் மேல் நீளும்படி ஒரு கோடு இழுத்தேன். போல்ட்டு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

ஒன்றரை வருடமாகக் கோடு உடையவில்லை. என் சைக்கிளில் இப்போது இரண்டில் பலவீனமான துளை கீழே இருப்பதுதான்: தொழிற்சாலையில் போட்ட மரை.